தாண்டிக்குடியின் கல்வீடுகள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளுக்கு முந்திய வாரத்தில் ஆற்றப்பட்டது.)



இம்மாதம் முதல் வாரத்தில், எங்கள் பங்கில் உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நெகேமியா நூலைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். நெகேமியா ஒரு யூதர். பிழைப்பு மட்டும் பாரசீக மன்னரின் அரண்மனையில். சூசா என்னும் தலைநகரில் அரசர் அர்த்தக்சஸ்தாவுக்குத் திராட்சை இரசம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கைப்பேசியில் படங்களைத் தேடிக் காட்டினோம்.

சூசாவைவிட, அதே மன்னர்களின் இன்னொரு தலைநகரான பெர்சப்பொலிஸ்தான் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியது. மலையடிவாரத்தில் பெரிய கல்மேடை. அதன்மேல் கூரையில்லாமல் நிற்கும் உயரமான தூண்கள். படிக்கட்டுச் சுவர் நெடுக, பேரரசின் பல நாட்டு மக்களும் மன்னருக்குக் காணிக்கை சுமந்து வருவதைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களில் சிந்து நதிப் பக்கத்து இந்தியர்களும் உண்டு. மேலாடை இல்லாத ஒருவர் தோளில் கம்பு வைத்து, அதன் இரு முனையிலும் கூடை தொங்க நடந்து வருகிறார். பழனிக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? "ஃபாதர், காவடி!" என்று கத்திவிட்டார்கள்.

பின்வரிசைப் பையன் ஒருவன், "இங்கெல்லாம் ஒரு தடவை நேர்ல போகணும் ஃபாதர்" என்றான். பக்கத்தில் இருந்தவன், "முதல்ல பாஸ்போர்ட்டு எடுடா" என்றான். வகுப்பே சிரித்தது. பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரக்கூடிய பழைய இடம் ஒன்று நம் மலையிலேயே இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை போவோம் என்று அப்போதே முடிவு செய்தோம். தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் கல்திட்டைகளைத்தான் சொல்கிறோம்.

உங்களில் பலர் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பாராமல் கடந்தவர்கள் இன்னும் அதிகம். நாங்களும் அப்படித்தான்.

பிள்ளைகள், மறைக்கல்வி ஆசிரியர்கள், பேரனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்த ஒரு பாட்டி என்று வேன் நிறைய ஆட்கள். பெருமாள்மலையைக் கடந்து பண்ணைக்காடு வழியாகப் போனோம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. பண்ணைக்காட்டுக்கு அப்பால் காப்பித் தோட்டங்களும் மிளகுக்கொடி ஏறிய மரங்களும் மலைவாழையுமாகப் பாதை இருட்டிக்கொண்டு போகும். அதைத் தாண்டி, உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்ட, ஒரு பாறை மேட்டில் ஏறினோம்.

பெர்சப்பொலிஸ் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குச் சப்பென்று போனது உண்மை. மூன்று பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக் கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். உளி பட்ட அழகு ஒன்றும் இல்லை. எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை. உள்ளே ஒரு ஆள் குனிந்து உட்காரலாம். சில சாய்ந்து கிடக்கின்றன. சிலவற்றின் மூடிக்கல்லைக் காணோம். புதையல் இருக்கும் என்று தோண்டியவர்களும், வீட்டுப் படிக்கு ஆகும் என்று கல்லைப் பெயர்த்தவர்களும் தலைமுறை தலைமுறையாக வந்துபோயிருக்கிறார்கள். நாங்கள் பார்த்த ஒன்றுக்குள் ஆட்டுப் புழுக்கையும் நனைந்த தீப்பெட்டியும் கிடந்தன.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் இவற்றைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்வார்கள். கட்டியவர்கள் யாரென்று மறந்துபோனதால் வந்த பெயர்கள் இவை. ஆராய்ந்தவர்கள் இவற்றை இரும்புக்கால மக்களின் ஈமச் சின்னங்கள் என்கிறார்கள், அதாவது இறந்தவர்களுக்காக எழுப்பியவை. நம் பழனிமலையில் இருப்பவற்றை முதலில் மலை மலையாக ஏறி அளந்து எழுதியவர்கள் செண்பகனூர் இயேசு சபைக் குருக்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அருள்தந்தை ஆங்லாட், அருள்தந்தை நியூட்டன் ஆகிய இருவரும் சேர்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. குருமாணவர்களுக்கு மெய்யியலும் இலத்தீனும் கற்பிக்கும் இல்லத்தில் இருந்துகொண்டு, யாரோ முன்பின் தெரியாதவர்களின் கல்லறைகளை அளக்க அட்டைக் கடியில் நடந்திருக்கிறார்கள். அதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, "எதுக்கு ஃபாதர்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. எங்களுக்கு அங்கே பதில் வரவில்லை.

பாட்டி பதில் சொன்னார். அவர் அதுவரை மூடிக்கல்லின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். "இத்தனை பெரிய கல்ல ஒருத்தர் ரெண்டு பேரு தூக்க முடியாது சாமி. ஊரே வந்திருக்கும். நாம குழி வெட்டி மூடிட்டு வந்துர்றோம். இவுக செத்தவுகளுக்கு வீடுல்ல கட்டியிருக்காக" என்றார்.

அன்பார்ந்தவர்களே, இந்த மலையின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே, பொருந்தல் என்று ஓர் ஊர் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜனும் அவரது குழுவினரும் அங்கே 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அகழாய்வு செய்தார்கள். ஒரு கல்லறைக்குள் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்று இருந்தது. அதனுள் சுமார் இரண்டு கிலோ நெல். இறந்தவருக்காக வைத்த நெல். அந்த நெல்லை அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியபோது கிடைத்த காலம் கி.மு. 490. அதே கல்லறையில் பானை தாங்கும் மனையில் தமிழ் பிராமி எழுத்தும், ஆயிரக்கணக்கில் சிறு மணிகளும் இருந்தன.

கி.மு. 490 என்றால் என்ன காலம்? பெர்சப்பொலிசில் தாரியு மன்னர் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே மன்னர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும், தான் ஆண்ட நாடுகளின் பெயரையும் கல்லில் வெட்டுவித்தார். இங்கே நம் மலையடிவாரத்தில், யாரோ ஒரு வீட்டுப் பெண்ணோ மகனோ, தங்கள் வீட்டுக் குதிரிலிருந்து நெல்லை அள்ளி, போகிறவருக்குப் பசிக்குமே என்று ஜாடியில் போட்டார்கள். அந்த அரண்மனையை கி.மு. 330-ல் அலெக்சாந்தரின் படை எரித்தது. இந்த நெல் உமியோடு கிடைத்திருக்கிறது.

இதைச் சொல்வதால் அந்த அரண்மனையை இகழ்வதாக நினைக்க வேண்டாம். அங்கே கிடைத்த ஒரு பொருள் எங்களை மிகவும் வெட்கப்படுத்தியது. தூண்களைவிட அது பெரிது. பெர்சப்பொலிஸ் கோட்டைச் சுவர்ப் பகுதியில் 1933-ல் தோண்டியபோது களிமண் வில்லைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவை கணக்கு ஏடுகள். தாரியு காலத்தில் வேலை செய்த கூலியாட்களுக்கு மாதம் எத்தனை படி தானியம், பயணம் போகிறவருக்கு எவ்வளவு மாவு, பிள்ளை பெற்ற தாய்க்குக் கூடுதலாக என்ன கொடுத்தார்கள் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வேலையாட்களும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு குமாஸ்தா, ஊர்விட்டு ஊர் வந்த கூலிக்காரரின் கணக்கை ஈரக் களிமண்ணில் பதித்து வைத்தார்.

ஏன் வெட்கம் என்கிறோம் என்றால், அன்று அந்தப் பாறை மேட்டில் உறுதிபூசுதல் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வி அப்படி. மற்றவர்கள் எல்லாரும் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் எங்களிடம் வந்து, "ஃபாதர், இவங்க பேரு தெரியாம போனதுக்கு ரெண்டாயிரம் வருசம் ஆச்சு. நம்ம கல்லறைத் தோட்டத்துல பின்வேலி ஓரத்துல ஒரு குழி இருக்கே, அதுல பேரு இல்லாம போனதுக்கு எத்தனை வருசம் ஆச்சு?" என்றாள்.

மூன்று வருடம் ஆகிறது.

அதை இங்கே சொல்லிவிடுகிறோம். எங்கள் பங்கு எது என்று சொல்லத் தேவையில்லை. கேட்கிற உங்களில் சிலருக்குத் தெரியும். ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் ஆடி மாத மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். உடன் வேலை செய்த இருவர், சவக்கிடங்கிலிருந்து நேரே பங்கு இல்லத்து வாசலுக்கு வந்து நின்றார்கள். உடலை ஊருக்கு அனுப்பும் அளவுக்கு யாரிடமும் பணம் இல்லை. அவர் கழுத்தில் செபமாலை இருந்தது என்பதைத் தவிர அவர் கத்தோலிக்கர் என்பதற்கு அவர்களிடம் வேறு சான்றும் இல்லை.

அன்று மாலை பங்குப் பேரவை கூடியது. ஞானஸ்நானச் சான்று இல்லையே என்றார் ஒருவர். நம் சனத்துக்கே இடம் பற்றவில்லை என்றார் ஒருவர். நாளைக்கு ஏதாவது வழக்கு வந்தால் யார் நடப்பது என்றார் இன்னொருவர். எல்லாம் நியாயமாகத்தான் தோன்றியது. இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் பின்வேலியோரம், தண்ணீர் ஊறுகிற மூலையில், யாரும் கேட்காத இடத்தைக் கொடுத்தோம். மறுநாள் கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு சுருக்கமாகச் செபித்தோம். மொத்தம் ஐந்து பேர். மரச்சிலுவையில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினோம். அந்த மழையிலேயே அது அழியத் தொடங்கியிருக்கும்.

தாண்டிக்குடியிலிருந்து திரும்பிய அன்றிரவே இறந்தோர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அடக்கம் முடிந்ததும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. எழுதியிருந்தோம். "வடநாட்டுத் தொழிலாளி, வயது சுமார் 25." பெயருக்கான கட்டத்தில் இருந்தது அதுதான். பாரசீகக் குமாஸ்தா செய்த வேலையைக்கூட நாங்கள் செய்யவில்லை.

நெகேமியாவிடம் திரும்பிப் போவோம். அவருக்கு அரண்மனையில் என்ன குறை? நல்ல வேலை, அரசரின் நம்பிக்கை. எருசலேமிலிருந்து வந்தவர்கள், மதில் இடிந்து கிடக்கிறது, வாயில்கள் எரிந்து கிடக்கின்றன என்று சொன்னதைக் கேட்டு உட்கார்ந்து அழுதார். நாட்கணக்கில் நோன்பிருந்தார். கி.மு. 445-ல் ஒருநாள், அரசருக்குமுன் கிண்ணத்தோடு நிற்கும்போது முகத்தை மறைக்க முடியவில்லை. ஏன் வாடியிருக்கிறாய் என்று அரசர் கேட்டார். அந்த இடத்தில் நெகேமியா ஆலயத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், மதிலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் முதலில் சொன்ன காரணம், தன் முன்னோரின் கல்லறைகள் இருக்கும் நகர் பாழாய்க் கிடக்கிறதே என்பதுதான். வீட்டில் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு முறை அதைச் சொல்கிறார். பாரசீக அரசருக்கு எருசலேமின் கடவுள் யாரென்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் கல்லறை என்றால் புரிந்தது. அவருடைய முன்னோரான சைரசு மன்னர் ஆறு படிகளின்மேல் ஒரே ஒரு சிறு கல்வீட்டில்தான் அடக்கமாகியிருந்தார். நாங்கள் அதன் படத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தோம். யூதர்களைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பிய சைரசு அவர். உலகின் பாதியை ஆண்டவர் என்று பெயர்பெற்றவரின் கல்லறை, நம் ஊர் மாதா கெபி அளவுக்குச் சற்றுப் பெரியதுதான். அலெக்சாந்தர் பின்னாளில் அங்கே போனபோது அது கொள்ளையிடப்பட்டு, உடல் வெளியே வீசப்பட்டிருந்ததாகவும், அவர் அதைச் சீர்செய்யச் சொன்னதாகவும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அரண்மனையை எரித்த அதே ஆள்தான்!

இன்னொரு பாரசீகத் தலைநகரும் நம் விவிலியத்தில் வருகிறது: எக்பத்தானா. இன்றைய ஈரானில் அமதான் என்னும் ஊர். மன்னர்கள் கோடைக்கு ஒதுங்கிய இடம், நம் கோடைக்கானல்போல. தோபித்து நூல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்; தோபியாவுக்குப் பெண் கிடைத்த ஊர். கல்யாணக் கதை என்பதால் திருமணத் திருப்பலிகளில் அந்த நூலை வாசிக்கிறோம். ஆனால் நூலைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால் அது முழுக்க முழுக்க அடக்கம் செய்வதைப் பற்றிய நூல்.

நினிவேயில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தவர் தோபித்து. பெருவிழா நாளில் நல்ல விருந்து முன்னால் இருக்கிறது. தனியாக உண்ண மனமில்லாமல், ஏழை ஒருவரை அழைத்து வா என்று மகனை அனுப்புகிறார். மகன் ஓடிவந்து, நம்மவர் ஒருவர் கொலையுண்டு சந்தைவெளியில் கிடக்கிறார் என்கிறான். தோபித்து ஒரு கவளமும் தொடாமல் எழுந்து போய், உடலைத் தூக்கி வந்து ஓர் அறையில் வைத்து, பொழுது சாய்ந்தபின் குழி தோண்டிப் புதைக்கிறார். இதற்காக முன்பே ஒருமுறை உயிருக்குப் பயந்து ஓடி, சொத்தெல்லாம் இழந்தவர் அவர். அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்கள்? இவனுக்குப் பட்டும் புத்தி வரவில்லை என்று சிரித்தார்கள். அந்தப் பேச்சு எங்கள் பேரவைக் கூட்டத்திலும் கேட்டது.

நம் நாட்களிலும் கேட்டது. 2020 ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளைக் கவனித்துக் கொரோனா தொற்றி இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் மக்கள் கல்லெறிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே அடிபட்டார்கள். உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர்தான் நள்ளிரவில், இரண்டு மருத்துவமனைப் பணியாளர்களோடு, மண்வெட்டி பிடித்துத் தன் நண்பரை மண்ணில் வைத்தார். அன்று அந்தச் செய்தியைப் படித்து நாம் எல்லாரும் கண்ணீர் விட்டோம். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று சுவர் வைத்த பங்குகள் நம் தமிழகத் திருச்சபையில் உண்டு; அதற்கு எத்தனை பேர் கண்ணீர் விட்டோம் என்பது வேறு பேச்சு.

தோபித்து நூலின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். தோபியா தன் தாய் தந்தையரை நினிவேயில் நல்லடக்கம் செய்துவிட்டு, மனைவியின் ஊரான எக்பத்தானாவுக்குப் போகிறார். அங்கே மாமனார் மாமியாரை முதுமையில் பேணி, அவர்களையும் அடக்கம் செய்கிறார். அந்நிய ஊரில், மன்னர்களின் கோடை மாளிகைக்குப் பக்கத்தில், பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு கல்லறைகள். தோபித்து நூல் எக்பத்தானாவின் அரண்மனையை விட்டுவிட்டு அந்த இரண்டு கல்லறைகளைக் குறித்து வைத்திருக்கிறது.

சரி, எங்கள் குழிக்கு வருவோம். பெயரைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. கட்டடம் எப்போதோ முடிந்து, அங்கே விருந்தினர் தங்கும் விடுதி நடக்கிறது. ஆள் கூட்டி வந்த மேஸ்திரி வத்தலக்குண்டுப் பக்கம் வேறு வேலையில் இருந்தார். அவருடைய பழைய சம்பள நோட்டில் பெயர் இருந்தது. மூன்று வாரக் கூலி, முன்பணம் கழித்தது, எல்லாம் இருந்தது. அவரிடமிருந்து ஓர் உறவினரின் எண், அங்கிருந்து தாயின் எண். குழியைச் சரியாகக் காட்டியவர், அன்று அதை வெட்டிய அண்ணன். "வேலியிலருந்து நாலு எட்டு சாமி. தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு. எறைச்சு எறைச்சு வெட்டினேன். மொகத்துல மண்ணு விழுகக் கூடாதேன்னு என் துண்டத்தான் போட்டு மூடுனேன்" என்றார். ஐந்து பேர் நின்ற அந்த அடக்கத்தில் இதை அன்று நாங்கள் கவனிக்கவில்லை.

ராஞ்சியிலிருந்து இங்கே வந்து படிக்கும் துறவற சகோதரர் ஒருவர் உதவியோடு அந்தத் தாயிடம் பேசினோம். அவர்கள் முண்டா மக்கள். சகோதரருக்கு அவர்கள் மொழி தெரியும். மகன் ஏதோ ஒரு மலைமேல் அடக்கமானான் என்பது மட்டும் அந்த அம்மாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டோம். பதில் இல்லை. பிறகு, "அங்கே மழை அதிகமா?" என்று கேட்டார். அதிகம்தான் என்றோம்.

"கல் வைத்தீர்களா?" என்று கேட்டார்.

பளிங்கில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் பொறித்துச் சிலுவை வைக்கப்போகிறோம் என்று சொன்னோம். சகோதரர் மொழிபெயர்த்தார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் பெயர் அவனுக்குத் தெரியும். கல் வைத்தீர்களா?" என்று மறுபடி கேட்டார்.

எங்களுக்குப் புரியவில்லை. சகோதரர்தான் விளக்கினார். முண்டா ஊர்களில் ஒவ்வொரு குலத்துக்கும் சசந்திரி என்று கல்லிடம் உண்டு. சிறு கற்களின்மேல் பெரிய பலகைக் கல்லைக் கிடத்தி, அதன்கீழ் தங்கள் இறந்தவர்களின் எலும்புகளை வைப்பது அவர்களின் நெடுங்கால வழக்கம். கல்லைத் தூக்க ஊரே வரும். கல் இருக்கிற ஊரில்தான் அவர்களுக்கு உரிமை. கல்தான் அவர்களுக்குப் பட்டா. கிறிஸ்தவர்களானபின் அடக்க முறை மாறினாலும் அந்த எண்ணம் போகவில்லை என்றார். கல் வைக்காத இடத்தில் கிடப்பவன் ஊர் இல்லாதவன். அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டியது, தன் மகனை இந்த ஊர் தன் ஆளாக எடுத்துக்கொண்டதா இல்லையா என்பது ஒன்றுதான்.

அவர் கேட்ட கல் எப்படியிருக்கும் என்று சகோதரர் படம் அனுப்பினார். தாண்டிக்குடிப் பாறை மேட்டில் நாங்கள் பார்த்தது அப்படியே அந்தப் படத்தில் இருந்தது. சற்றே தாழ்வாக, பக்கத்தில் பலாமரத்தோடு.

பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நாந்தான் சொன்னேனே சாமி, ஊரே வந்திருக்கும்னு" என்றார்.

பளிங்குக் கடைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டோம். நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தம் தோட்டத்தில் தானாகப் பிளந்து கிடக்கும் பாறைப் பலகை ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம். முந்நூறு கிலோவுக்குக் குறையாது என்கிறார். ஜேசிபி தோட்டத்துக்குள் வராது. வந்தாலும் கூப்பிடுவதாக இல்லை. பதிவேட்டில் பெயரை எழுதியாயிற்று. வானொலியில் அதைச் சொல்ல அந்தத் தாயிடம் நாங்கள் அனுமதி கேட்கவில்லை, ஆகவே இங்கே சொல்லவில்லை; நவம்பர் 2-ஆம் தேதித் திருப்பலியில் மற்றவர்களின் பெயர்களோடு சேர்த்து வாசிப்போம்.

நவம்பர் 2-க்கு முந்திய சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தோட்டத்திலிருந்து கல் புறப்படும். நான்கு மூங்கிலும் வடக்கயிறும் தயாராக இருக்கின்றன. தூக்க ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர், மாற்றுக்குப் பன்னிரண்டு பேர். அன்று பேரவையில் பேசியவர்கள் எல்லாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம். வழியில் இரண்டு இடத்தில் சரிவு இருக்கிறது, ஆகவே ரப்பர் செருப்பு வேண்டாம். கஞ்சியும் துவையலும் பாட்டி வீட்டில்.